சரியாகச் சொன்ன தப்பு

ஓம் சரவணபவ.

இந்த வாரம் தல வரலாறு, விரத முறை எதுவும் எழுதல. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி எழுதப் போறேன். நம்மள்ல நிறையப் பேர் தினமும் செய்யற தப்புதான். அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

திண்டுக்கல்லில் நாங்க ஒரு நாப்பது பேர் சேர்ந்து திருப்புகழ் பாடுறோம். யாரும் ஓதுவார் இல்ல, தமிழ் வித்வானும் இல்ல. வங்கியில வேலை பார்க்கிறவர், பூட்டுப் பட்டறை வச்சிருக்கிறவர், டியூஷன் எடுக்கிற அக்கா, என்னை மாதிரி ரெண்டு மூணு ஐடி பசங்க. மாசா மாசம் கிருத்திகை அன்னிக்கு யாராவது ஒருத்தர் வீட்டுல கூடிப் பாடுவோம். மத்த நாள்ல சந்தேகம் வந்தா வாட்ஸ்அப்ல கேட்டுக்குவோம்.

திருப்புகழ் பாடிப் பழகினவங்களுக்குத் தெரியும், அதுல பாதி வேலை பதம் பிரிக்கிறதுதான். சந்தத்துக்காகச் சொற்கள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். எங்க நிறுத்தணும், எங்க சேர்க்கணும்னு தெரியலைன்னா அர்த்தமே மாறிடும்.

போன கார்த்திகை மாசம், பட்டறை வச்சிருக்கிற ஐயா ஒரு வாய்ஸ் அனுப்பினார். அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. ஒரு பாட்டுல நாலு அடி பாடிட்டு, "இந்த எடத்துல இப்படித்தான் நிறுத்தணுமா, யாராச்சும் சொல்லுங்க சாமி"ன்னு கேட்டிருந்தார். அவர் நிறுத்தின இடம் தப்பு. ஒரு சொல்லை நடுவுல வெட்டி, அடுத்த சொல்லோட ஒட்டிப் பாடியிருந்தார்.

எனக்கு அன்னிக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. இருந்தாலும் பதில் சொல்லணும்னு கை பரபரத்துச்சு. இப்படி எழுதினேன்: "சாமி, பதம் பிரிக்கிற அடிப்படையே தெரியாமப் பாடினா, முருகனைப் புகழ்றதுக்குப் பதிலா திட்டுற மாதிரி ஆயிடும். முதல்ல புத்தகத்தைத் திறந்து பாருங்க, அப்புறம் வாய்ஸ் போடுங்க சாமி." கூடவே புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து, அந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன்.

ஏழு பேர் கட்டைவிரல் போட்டாங்க. ஒருத்தர் "சூப்பர் ப்ரோ"ன்னார். ஐயா மட்டும், "நன்றி சாமி. திருத்திக்கிறேன்"னு எழுதினார்.

அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து ஒரு வாய்ஸும் வரல. அடுத்த கிருத்திகைக்கும் அவர் வரல. யாரும் அதைக் கவனிக்கல. நானும் கவனிக்கல.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நான் சொன்ன விஷயத்துல பிழை இல்ல. ஆதாரத்தோடதான் சொன்னேன். கெட்ட வார்த்தை எதுவும் இல்ல. ரெண்டு தடவை "சாமி"ன்னுகூடப் போட்டிருக்கேன். அப்போ தப்பு எங்க?

"தப்பாப் பாடினா கண்டுக்காம விட்டுடணுமா?"ன்னு நீங்க கேக்கலாம். நல்ல கேள்வி. விடக் கூடாது. நம்ம மரபும் அப்படி விட்டதில்ல.

கந்தபுராணம் அரங்கேறின கதையை எடுத்துக்குங்க. காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் நூலை அரங்கேற்ற உக்கார்றார். முதல் சொல்லிலேயே சபையில ஒருத்தர் தடை சொல்றார். 'திகழ்' என்ற சொல்லும் 'தசம்' என்ற சொல்லும் சேரும்போது ழகரமும் தகரமும் போய் டகரம் வர்றதுக்கு எந்த இலக்கணத்துல விதி இருக்குன்னு கேக்குறார். கச்சியப்பரோ, "முதல் அடியை எடுத்துக் கொடுத்ததே முருகப் பெருமான்"னு சொல்றார். "அப்படின்னா முருகனே வந்து விதியைக் காட்டட்டும்"னு சபை சொல்லுது. அரங்கேற்றம் அன்னிக்கு நின்னு போகுது.

மறுநாள் என்ன நடந்துச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும். சோழ நாட்டுப் புலவர் வடிவத்துல முருகனே வந்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலைத் திறந்து, விதி இருக்கிற இடத்தைக் காட்டினார். அரங்கேற்றம் தொடர்ந்துச்சு.

சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்போ, "முருகன் எப்படி வந்து காப்பாத்தினார் பாத்தியா"ன்னுதான் தோணும். இப்போ வேற ஒண்ணு தெரியுது. தன் வாக்கையே ஒருத்தன் சந்தேகப்பட்டிருக்கான். சூரபத்மனையே பிளந்த வேல் கையில இருக்கு. ஆனாலும் முருகன் கையில புத்தகத்தோடதான் வந்தார். "என்னையே கேள்வி கேக்குறியா"ன்னு ஒரு வார்த்தை இல்ல. தடை சொன்னவரை அந்தக் கதை பாவின்னும் சொல்லல. கேள்விக்குப் பதில் கிடைச்சுது, அதோட எல்லாரும் உக்காந்து பாட்டைக் கேட்டாங்க.

நானும் புத்தகத்தைத்தானே காட்டினேன்? ஆமா. ஆனா முருகன் காட்டினது பக்கத்தை மட்டும். நான் பக்கத்தோட சேர்த்து, 'உனக்குத் தெரியல, எனக்குத் தெரியும்'னும் காட்டினேன்.

இந்த வித்தியாசம் சின்னதுன்னு நினைக்காதீங்க. இது பெருசாப் போனா என்ன ஆகும்னு காட்ட நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு வரலாறு இருக்கு. அருட்பா, மருட்பா சண்டை.

ஒரு பக்கம் வள்ளலார் இராமலிங்க அடிகள். சென்னைக் கந்தகோட்டத்து முருகன்மேல தெய்வமணிமாலை பாடினவர். இன்னொரு பக்கம் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து நல்லூர்ல பிறந்தவர், திருமுருகாற்றுப்படையைப் பதிப்பிச்சவர். நாவலர் பிறந்தது 1822, வள்ளலார் பிறந்தது 1823. கிட்டத்தட்ட ஒரே வயசு. ரெண்டு பேருமே சைவத்துக்காக உயிரைக் கொடுத்து உழைச்சவங்க, முருகனை நெஞ்சுல வச்சிருந்தவங்க.

1867-இல் வள்ளலாரின் பாடல்கள் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சாகி வந்தன. தேவாரம், திருவாசகம் போன்றவற்றுக்கு உரிய பெருமையை நம் காலத்தில் வாழும் ஒருவரின் பாடலுக்குக் கொடுக்கலாமா என்பது நாவலர் தரப்பின் கேள்வி. எது அருட்பா? அதை யார் முடிவு செய்வது? பழைய பாட்டுக்கு மட்டும்தான் அருள் உண்டா? இன்னிக்கு உக்காந்து பேசினாலும் சுவாரசியமான கேள்விகள்தான் இவை. ரெண்டு பக்கமும் சொல்றதுக்கு நியாயம் இருக்கு.

ஆனா அந்தக் கேள்வி கேள்வியாவே நிக்கல. மறுப்பு நூல் வந்துச்சு. மறுப்புக்குக் கண்டனம் வந்துச்சு. பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சவங்க ஆளைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. 1869-இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1874-இல் வள்ளலார் சித்தி அடைஞ்சார். 1879-இல் நாவலர் மறைஞ்சார். சண்டை மட்டும் நிக்கல. அடுத்த தலைமுறையில மருட்பா பக்கம் நா. கதிரைவேற்பிள்ளையும், அருட்பா பக்கம் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் மேடை ஏறிப் பேசுற அளவுக்கு, இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் அது நீண்டுச்சு.

ரெண்டு பேரையும் குறை சொல்ற தகுதி எனக்கு இல்ல. அவங்க கால் தூசிக்குக்கூட நான் பெற மாட்டேன். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அவ்வளவு பெரியவங்களைச் சுத்தியே இப்படி ஆச்சுன்னா, கையில போனை வச்சுக்கிட்டு அரை நிமிஷத்துல பதில் போடுற நாம எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்? இன்னிக்கு யாரையாவது கேட்டுப் பாருங்க. "அருட்பா மருட்பான்னு ஒரு சண்டை நடந்துச்சு, கோர்ட்டுக்குப் போச்சு"ன்னு சொல்வாங்க. கேள்வி என்னன்னு கேட்டா நிறையப் பேருக்குத் தெரியாது. சண்டை மனசுல நின்னுடுச்சு, கேள்வி காணாமப் போச்சு.

இத்தனைக்கும், மாற்றுக் கருத்தை எப்படிக் கையாளணும்னு நம்ம இலக்கணத்துலயே எழுதி வச்சிருக்காங்க. நன்னூல்ல பவணந்தி முனிவர் எழுவகை மதம்னு ஏழு வழிகளைச் சொல்றார். ஒருத்தர் கருத்தை ஒத்துக்கிறது ஒண்ணு. மறுக்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டு மட்டும்தான் இருக்குன்னு நாம நினைக்கிறோம். அவரோ, முதல்ல ஏத்துக்கிட்டுப் போய் அப்புறம் விலக்குறதுன்னு ஒரு வழி சொல்றார். ரெண்டு பேர் மாறுபடும்போது ரெண்டையும் பார்த்து ஒரு பக்கம் துணியறதுன்னு இன்னொரு வழி. பிறர் நூல்ல இருக்கிற குற்றத்தைக் காட்டுறதும் அதுல ஒண்ணு. கவனிங்க, நூல்ல இருக்கிற குற்றம். எழுதினவன்கிட்ட இருக்கிற குற்றம் இல்ல.

என் வேலையிலயும் இதே விதி உண்டு. ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் படிச்சுப் பார்த்துக் குறை சொல்லுவோம். "இந்த வரி இந்த இடத்துல உடையும்"னு எழுதலாம். "உனக்கு எழுதவே தெரியல"ன்னு எழுதக் கூடாது. ஆபீஸ்ல ஆறு வருஷமா நான் கடைப்பிடிக்கிற மரியாதை இது. முருகன் பேர்ல கூடுற இடத்துல அதை மறந்துட்டேன்.

இங்க யாராவது ஒருத்தர் கண்டிப்பாச் சொல்லுவீங்க: "முருகனே பிரம்மாவைத் தலையில குட்டிச் சிறையில போட்டவர்தானே? பிரணவத்துக்குப் பொருள் தெரியாதவனுக்கு அதுதானே தண்டனை?"

நானும் அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா கதையை முழுசாப் பாருங்க. பிரம்மா தெரியாததுக்காகக் குட்டு வாங்கல. கயிலாயத்துக்கு வந்தவர், 'சின்னப் பையன்தானே'ன்னு முருகனை மதிக்காமப் போனார். கூப்பிட்டுக் கேட்டப்போ, வேதம் எல்லாம் தெரிஞ்சவர் மாதிரி ஓங்காரத்தைச் சொல்லி ஆரம்பிச்சார். அதுக்குப் பொருள் கேட்டப்போ முழிச்சார். குட்டு விழுந்தது அந்தக் கர்வத்துக்கு.

நிஜமாவே பொருள் கேட்டு வந்தவர் யார்? சிவபெருமான். சுவாமிமலையில அப்பனே மகன்கிட்டச் சீடனா நின்னு, வாய் பொத்திக் கேட்டார். முருகன் அவரைக் கேலி பண்ணல. காதோட காதா உபதேசம் செஞ்சார். நாலு பேர் கேக்கச் சொல்லல.

இப்போ எங்க குரூப்புக்கு வாங்க. "யாராச்சும் சொல்லுங்க சாமி"ன்னு அறுபது வயசுல ஒருத்தர் பணிவாக் கேட்டார். அவர் நின்ன இடம் அந்த அப்பன் நின்ன இடம். வயசையும் பாக்காம, ஆளையும் மதிக்காம, தெரிஞ்ச திமிர்ல பேசினது நான். அந்தக் கதையில எனக்குக் கிடைக்கிற இடம் பிரம்மாவோட இடம்தான். குட்டு எனக்குத்தான் விழணும்.

விழுந்துச்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தப்போ.

திண்டுக்கல்லில் இருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். ராத்திரி கிளம்பினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டினதும் வலது காலில் கொப்புளம். நொண்டி நொண்டி நடந்துக்கிட்டிருந்தேன். பாதயாத்திரை போனவங்களுக்குத் தெரியும், அங்க வேகமா நடக்கிறவங்க மெதுவா நடக்கிறவங்களைக் கேலி பண்ண மாட்டாங்க. "ஒத்தடம் போடுங்க சாமி", "உக்காந்து வாங்க சாமி"ன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க. சின்னக் குழந்தையும் சாமி, எழுபது வயசுப் பாட்டியும் சாமி.

பின்னாடி இருந்து ஒரு குரல், "என்னா சாமி, கால் வலியா?" திரும்பிப் பார்த்தா அந்த ஐயா. என்னை அன்னதானப் பந்தல் பக்கம் உக்கார வச்சு, பையில இருந்து துணியை எடுத்துக் கால்ல கட்டிவிட்டார். அவருக்கு என்னைத் தெரிஞ்சுது. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியல.

ஒட்டன்சத்திரம் வரைக்கும் என் வேகத்துக்கு நடையைக் குறைச்சுக்கிட்டு கூடவே வந்தார். ஏன் இப்போ பாடுறதில்லன்னு ஒரு கட்டத்துல கேட்டுட்டேன்.

"நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் சாமி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பட்டறையில பாட்டுப் போட்டுவிட்டு, பூட்டுக்கு அரம் போட்டுக்கிட்டே கேட்டுப் பழகுனது. அந்த ஒரு எடம் மட்டும் ரெண்டு மூணு வருசமாச் சந்தேகம். படிச்சவங்க இருக்கிற எடத்துல கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் தைரியமாக் கேட்டேன்."

கொஞ்ச தூரம் பேசாம நடந்தோம்.

"நீங்க சொன்னது சரிதான். இப்ப அந்த எடம் சரியா வருது, தனியாப் பாடுறப்ப. நாலு பேரு முன்னாடின்னா, அடுத்து எங்க தப்பு விழுமோன்னு தொண்டை அடைச்சுக்குது."

மன்னிப்புக் கேட்டேன். "முருகன்கிட்டப் போற வழியில மன்னிப்பு எதுக்கு சாமி, நடங்க"ன்னார். கோவமே இல்ல அவருக்கு. கோவப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

நாங்க நடந்து போய்க்கிட்டு இருந்தது எந்த மலைக்கு? பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்த பிள்ளை நின்ன மலைக்கு. அவனைத் தேடி அம்மையும் அப்பனும் அந்த மலைக்கே வந்தாங்க, சமாதானம் சொன்னாங்கன்னு நாம கதை சொல்றோம். எங்க கூட்டத்துல இருந்து ஒருத்தர் சத்தமில்லாம ஒதுங்கிப் போனார். ரெண்டு மாசமா அவரைத் தேடி நாப்பது பேர்ல ஒருத்தர்கூடப் போகல. அவரே வந்து என் காலுக்குக் கட்டுப் போட வேண்டியிருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் சில விஷயங்களை மாத்திக்கிட்டேன். பெரிய தத்துவம் எதுவும் இல்ல.

ஒருத்தர் பாடினதுல பிழை இருந்தா, நாலு பேர் முன்னாடி சொல்றதில்ல. போன் பண்ணிச் சொல்றேன். உபதேசம்னா காதோட காதாத்தான்.

திருத்துறதுக்கு முன்னாடி, "இதை எங்க கேட்டீங்க?"ன்னு கேக்குறேன். பல நேரத்துல அது பிழையே இல்ல, பாடபேதமா இருக்கு. திருப்புகழ் நம்ம கைக்கு வந்ததே அப்படித்தான். வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா அலைஞ்சு, ஏடு வச்சிருந்தவங்ககிட்டக் கேட்டு வாங்கிச் சேர்த்து, 1894-இல் முதல் பகுதியை அச்சுல கொண்டு வந்தார். அந்த மனுஷன் ஏடு வச்சிருந்தவங்ககிட்ட என்னை மாதிரிப் பேசியிருந்தா ஒரு ஓலைகூடக் கிடைச்சிருக்காது. சிவப்பு வட்டம் போட எனக்குப் புத்தகமும் இருந்திருக்காது.

மூணாவது, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தாலும் திரும்பச் சொல்றேன். "மேல ஏற்கெனவே சொல்லியாச்சு, தேடிப் பாருங்க"ன்னு எழுதறதை விட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் எனக்குப் போகும். அந்தக் கேள்வியைக் கேக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆச்சோ, யாருக்குத் தெரியும்?

பதில் போட்ட பிறகு ஒண்ணு மட்டும் பார்த்துக்கிறேன். இதைப் படிச்சவர் நாளைக்கும் நம்மகிட்ட வந்து கேப்பாரா? கேக்க மாட்டார்னு தோணினா அழிச்சிட்டு வேற மாதிரி எழுதறேன். "சாமி"ன்னு போட்டா மட்டும் மரியாதை வந்துடாதுன்னு இப்போ புரியுது. அன்னிக்கு நான் எழுதினதுல அந்தச் சொல் ரெண்டு தடவை இருந்துச்சு. மரியாதை ஒரு தடவைகூட இல்ல.

ஐயா இப்போ கிருத்திகைக்கு வர்றார். கடைசி வரிசையில சுவரோரமா உக்காந்து ஜால்ரா போடுறார். தாளம் பிசகுறதே இல்ல. ஆனா இன்னும் பாடல. "பாடுங்க ஐயா"ன்னு யாரும் வற்புறுத்தக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அரை நிமிஷத்துல நான் அடைச்ச வாய் அது. எப்போ திறக்கும்னு அவசரப்படுற உரிமை எனக்கு இல்ல. பொறுமை இனிமே என் பங்கு.

அந்தப் பாட்டு வரும்போது மட்டும் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கிறேன். ஒருவேளை இந்தத் தடவை பின்வரிசையில இருந்து கேக்குமோன்னு.

உங்க குரூப்லயும் ரொம்ப நாளாச் சத்தமில்லாம இருக்கிறவங்க யாராவது இருந்தா, இன்னிக்கு ஒரு போன் பண்ணிப் பேசுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!